விடாத கை

"கையை விடுங்கம்மா, ஸ்ட்ரெச்சர்ல ஏத்தணும்" என்றாள் ஆம்புலன்ஸ் டாக்டர் ரதோஸ்தினா.

"நான் பிடிக்கல டாக்டர். அவர்தான் விட மாட்டேங்கிறாரு."

உண்மைதான். பக்கவாதம் கான்ச்சோவின் வலது பக்கத்தையும் பேச்சையும் கொண்டுபோயிருந்தது. மிச்சமிருந்த இடது கை மனைவி ஸ்வெதானாவின் மணிக்கட்டை இறுகப் பற்றியிருந்தது. கண்கள் அவள் முகத்தை விட்டு நகரவே இல்லை.

ஆம்புலன்ஸைக் கூப்பிட்ட எதிர்வீட்டு ஸ்தோய்கா வாசலில் நின்று மூக்கைச் சிந்தினாள். "வினிகர் கடன் கேக்க வந்தேன், பார்த்தா இப்படிக் கிடக்கிறாரு! இந்த விதின் ஊர்லயே இப்படி ஒரு ஜோடி கிடையாது. இவ அவரைக் கேக்காம ஒரு வாய்த் தண்ணி குடிக்க மாட்டா, தெரியுமா?"

"அதெல்லாம் அப்புறம் அழலாம்க்கா" என்றான் டிரைவர் காமென். "லிஃப்ட் வேலை செய்யுதா?"

"அது கம்யூனிஸ்ட் காலத்துலயே செத்துப் போச்சு."

டாக்டருக்கு வேண்டியது ஒன்றுதான், நேரம். மூளையை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்க ஊசி இருக்கிறது. விழுந்த சில மணி நேரத்துக்குள் போட்டால் ஆள் எழுந்து நடக்க வாய்ப்புண்டு. நேரம் கடந்து போட்டால் மூளைக்குள் ரத்தம் கசிந்து அந்த ஊசியே கொன்றுவிடலாம்.

போன குளிர்காலத்தில் ஒரு மகன் பயத்தில் தப்பான நேரம் சொன்னான். டாக்டர் அதை நம்பி ஊசியைப் போட்டாள். அவனுடைய அம்மா இன்னும் டாக்டரின் தூக்கத்தில் வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டுப் போகிறாள்.

"எப்போ விழுந்தாரு?"

"இப்பத்தான் டாக்டர். கொஞ்ச நேரம் முன்னாடி."

டாக்டர் கான்ச்சோவின் தாடையைத் தொட்டுத் திருப்பினாள். பாதி முகம் மழித்திருந்தது. மீதிப் பாதியில் சோப்பு நுரை சுண்ணாம்பாகக் காய்ந்து, தொட்டதும் உதிர்ந்தது. ஜன்னலில் சாயங்கால வெயில். நுரை இப்படிக் காயப் பல மணி நேரம் ஆகியிருக்க வேண்டும்.

"அம்மா, உங்களை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஆனா பொய் நேரம் சொன்னீங்கன்னா எங்க மருந்தே அவரைக் கொன்னுடும்."

ஸ்வெதானா அந்த இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காலையில" என்றாள் கடைசியில். "சவரம் பண்றப்போ."

"காமென், நேரம் தப்பிடுச்சுன்னு ஆஸ்பத்திரிக்குச் சொல்லு. வேற வழி இருக்கான்னு பார்க்கட்டும்." சொல்லிவிட்டுத் திரும்பிய டாக்டருக்கு ஆத்திரம் தாங்கவில்லை. காலையிலேயே கூப்பிட்டிருந்தால் இந்த மனிதர் எழுந்து நடந்திருக்கலாம்.

"பகல் பூரா பக்கத்துலயே உக்காந்திருந்தீங்களே! போன் கைக்கெட்டற தூரத்துல இருக்கு. ஏம்மா கூப்பிடல?"

ஸ்வெதானா மணிக்கட்டிலிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கான்ச்சோவின் கண்கள் அதையும் பார்த்தன.

"தன்னைக் கேக்காம யாரையும் கூப்பிடக் கூடாதுன்னுதான் போன வருஷம் என்னோட இந்தக் கையை ஒடிச்சாரு" என்றாள் அமைதியாக. "காலையிலேர்ந்து கேட்டுக்கிட்டேதான் இருக்கேன் டாக்டர். அவர் இன்னும் சரின்னு சொல்லல."