ஒரு சாண் இடைவெளி

"பிளம்பர் எதுக்கு? வீட்ல என்ஜினீயர் ஒருத்தன் இருக்கேன்ல?" என்று போன வாரம் அவள் கணவர் முழங்கினார். அடைத்திருந்த சிங்க்கின் அடியில் புகுந்து வளைவுக் குழாயைக் கழற்றிக் கழுவினார். நீரோட்டம் பற்றி அரைமணி நேரப் பிரசங்கமும் உண்டு. அன்றிலிருந்து அவள் அந்த சிங்க்கில்தான் பாத்திரம் துலக்குகிறாள்.

இன்று அதே வளைவுக் குழாய் பால்கனியில் காய்ந்துகொண்டிருந்தது. அதை எடுத்து வந்து அவர் மூக்கருகே நீட்டினாள்.

"இதை மாட்டவே இல்லை. நீங்கல்லாம் ஒரு என்ஜினீயர். இப்பவாவது பிளம்பரைக் கூப்பிடுங்க."

அவர் மானத்தை வாங்கியே தீருவதென்று சிங்க்கின் அடியில் வாளியை வைத்துத் தண்ணீரை முழுதாகத் திறந்துவிட்டாள். மேல் குழாய்க்கும் சுவர்க் குழாய்க்கும் நடுவே ஒரு சாண் வெறும் இடைவெளி. சிங்க் மளமளவென்று வடிந்தது. வாளியில் எதுவும் விழவில்லை. இடைவெளிக்குள் கையை விட்டாள். ஈரமில்லை.

அவர் குனிந்து பார்த்தார்.

"பாத்தியா? ஒரு சொட்டு ஒழுகுதா?" என்றார்.