வீட்டில் எத்தனை ஓட்டு

தன்ஷிகா இறந்து மூன்று வருடமாகியும் தொலைக்காட்சியில் காலை நிகழ்ச்சியை அவள்தான் நடத்திக்கொண்டிருந்தாள். முகமும் குரலும் அவளுடையவை, பேசுவது இயந்திரம். கணவன் இளஞ்சேரன் தினமும் அவளைப் பார்த்துக்கொண்டேதான் காபி குடிப்பான்.

இப்போது ஒரு கட்சி அவளைத் திருச்சியில் வேட்பாளராக நிறுத்த விரும்பியது. அதற்கு இளஞ்சேரன் புது ஒப்பந்தத்தில் கைரேகை வைக்க வேண்டும். வைக்காவிட்டால், அதே கட்சியின் தொலைக்காட்சியோடு போட்டிருந்த பழைய ஒப்பந்தமும் முடிந்து, காலை நிகழ்ச்சியும் நின்றுவிடும்.

“மேடம் ஜெயிச்சா மந்திரிதான் சார். நீங்களே பேசிப் பாருங்க,” என்று கட்சிக்காரர் குணாளன் டேப்லெட்டை நீட்டினார்.

அவள் தலையைச் சாய்த்துச் சிரித்தாள். அதே சாய்வு. “வணக்கம்ணா! உங்க வீட்டுப் பொண்ணு தன்ஷிகா வந்திருக்கேன். நல்லா இருக்கீங்களா?”

வீட்டில் அவள் அவனை ‘டேய் சேரா’ என்றுதான் கூப்பிடுவாள். அவள் போனபிறகு முதன்முறையாக அவன் வாய்விட்டுச் சிரித்தான்.

குணாளன் நெளிந்தார். “ஓட்டு கேக்குறப்போ ஆம்பளைங்க எல்லாருமே அண்ணன்தானே சார். மாத்திச் சொல்லச் சொல்லிடலாம்.”

“அடியே, நான் உன் புருஷன்டி,” என்றான் இளஞ்சேரன் திரையிடம்.

“ரொம்ப சந்தோஷம்ணா. உங்க வீட்ல எத்தனை ஓட்டு?”

அவன் சிரிப்பு அடங்கியது. அந்தக் கண்கள் பதிலுக்காக அன்போடு காத்திருந்தன.

“ஒண்ணுதான்மா,” என்றான், வாசலுக்கு வந்த யாரோ ஒரு பெண்ணிடம் சொல்வதுபோல. “முன்னாடி ரெண்டு இருந்துச்சு.”

கைரேகை வைக்க நீட்டியிருந்த கட்டைவிரலை மடக்கிக்கொண்டு, குணாளனுக்குக் காபி போட எழுந்து போனான்.