டேப்பின் மறுமுனை

திருக்காட்டுப்பள்ளியில், வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஒருவருடைய புது வீடு. அதன் நிலவறையைப் படம் பார்க்கும் அறையாக மாற்றும் வேலையைப் பரிதியும் அவன் மனைவி கனிமொழியும் எடுத்திருந்தார்கள். ஜிப்சம் போர்டு அடிப்பதற்கு முன்னால் சுவரையொட்டி இரும்புச் சட்டம் நிறுத்த வேண்டும். படி இறங்கும் மூலையில் கனிமொழி அளவு டேப்பின் நுனியைப் பிடித்துக்கொள்ள, எதிர் மூலையில் பரிதி அதன் டப்பாவோடு குந்தியிருந்து தரையில் கோடு போட்டான்.

"கொஞ்சம் செவுத்துப் பக்கம்," என்றான் குனிந்தபடியே. டேப் நகர்ந்தது.

"இன்னும் ஒரு வெரக்கடை."

சரியாக ஒரு விரற்கடை நகர்ந்தது.

"என்னங்க, டீ வாங்கியாந்துட்டேன்," என்று கனிமொழியின் குரல் மேலே வாசலிலிருந்து கேட்டது.

அவள் எப்போது போனாள்? பரிதி எழுந்தான். டேப்பின் நுனியும் எழுந்து இடுப்புயரத்தில் நின்றது. அதைப் பிடித்துக்கொண்டு அங்கே யாரும் இல்லை.

படியில் கொலுசுச் சத்தம் கேட்டது. கனிமொழிக்கு இது ஐந்தாம் மாதம்.

"எறங்காத கனி! அங்கயே நில்லு!"

"ஏன், என்னாச்சு?" கொலுசு இன்னும் இரண்டு படி இறங்கியது.

டேப்பின் நுனி மெல்லப் படிப்பக்கம் திரும்பியது.

பரிதி வேறெதுவும் தோன்றாமல், தணிந்த குரலில் கூப்பிட்டான்.

"அங்க வேணாம். இந்தப் பக்கம் வாங்க."

டேப் தொய்யவில்லை. நடந்து வருகிறவர் கையில் இருப்பதைப் போல, ஓரடி ஓரடியாக அவனை நோக்கிச் சுருண்டுகொண்டே வந்தது.