வாட்சைக் கழற்று

தலைமையாசிரியருக்கு நடந்த பாராட்டு விழாவில் மேடையேறிய பழைய மாணவர்கள் எல்லோரும் அவரிடம் வாங்கிய அடியைத்தான் பெருமையாகச் சொன்னார்கள். அடிப்பதற்கு முன் அவர் தன் வாட்சைக் கழற்றி, அடி வாங்கப் போகிறவனின் இடக்கையிலேயே கொடுப்பார். வலக்கையில் பிரம்பு விழும். வலி தாங்காமல் வாட்சை நழுவவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து. அதைக் கேட்டுக் கூட்டம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. சிரிப்பதற்கு அதில் என்ன இருக்கிறதோ, மாசிலாமணிக்கு விளங்கவில்லை. அப்படி வாங்கிய அடியில் மடங்காமல் போன அவன் வலக்கை மோதிரவிரல் இன்றுவரை மடங்கவில்லை. அவன் பெயரைக் கூப்பிட்டதும் மைக்கைத் தாண்டி நேராகத் தலைமையாசிரியரின் நாற்காலி முன்னால் போய் நின்றான்.

“என்னைத் தெரியுதா சார்?”

கிழவர் முகத்தைப் பார்க்கவில்லை. விரலைத்தான் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு நாற்காலியைப் பிடித்துத் தட்டுத்தடுமாறி எழுந்தார்.

“வாட்சக் கழட்டு, மாசிலாமணி.”

பழைய பயத்தில் கை தானாகவே கழற்றியது. அவர் அதை இடக்கையில் வாங்கி இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வலக்கையை அவன்முன் விரித்து நீட்டினார்.

வாத்தியாருக்கு வாட்ச் பரிசளிக்கிறான் என்று நினைத்து எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்கு நடுவே, விரல் மடங்காத அவன் கை மேலே எழுந்தது.