பேஸ்மென்டில் ரெண்டாவது ஆள்

"இஞ்ச ஓடி வாங்கோ, தொடங்கிட்டான்!" என்று வேரோனிக்கா ரகசியமாகக் கூப்பிட்டாள்.

அவள் புருஷன் அருள்நாயகம் சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு வந்தார். முழங்கால் நோவோடு குனிந்து, நிலத்தில் ஹீற்றர் காற்று வருகிற ஓட்டையில் காதை வைத்தார்.

வெக்ஸ்போர்ட்டில் அவர்கள் வீட்டு பேஸ்மென்டில் இருப்பவன் யூசுப். சிரியாக்காரன். தனி ஆள் என்று சொல்லித்தான் வாடகைக்கு வந்தான்.

"இண்டைக்கு வேலைக்குப் போனன். பஸ்ஸில ஒருத்தரோடயும் கதைக்கேல்லை. கூட்டம் ஒண்டுக்கும் போகேல்லை. பருப்பு சூப் குடிச்சன்."

ஆங்கிலத்தில், பாடம் ஒப்புவிக்கிற மாதிரி வந்தது யூசுப்பின் குரல்.

"இவ்வளவுதான். நன்றி."

வேரோனிக்கா சிலுவை அடையாளம் போட்டாள். "இயேசுவே! ஆருக்கப்பா சொல்லுறான்? மறுமொழி ஒண்டும் வரேல்லையே!"

"ஆரையோ ஒளிச்சு வச்சிருக்கிறான். உந்தச் சிரியாக்காரரை எனக்குத் தெரியாதே? தலைக்கு மேல ஒருத்தன் நிண்டு உறுக்கினாத்தான் உவைக்குச் சரி. அங்கை ஆட்சி கவிண்டு போச்சாம், இனி ஜனநாயகமாம். வோட்டுப் போட்டுக் கிழிச்சினம்! இண்டைக்கே ஆளை வீட்டை விட்டு எழுப்பிறன் பார்."

அருள்நாயகம் கீழே போய்க் கதவில் தட்டுவதற்குக் கையைத் தூக்கினார். தட்ட முன்னமே கதவு திறந்தது.

"வாங்கோ அங்கிள்," என்றான் யூசுப். வரப் போகிறார் என்று தெரிந்தவன் போல நின்றான்.

உள்ளே ஒரு கட்டில், ஒரு கோப்பை. வேறு ஒரு ஈ காக்காயும் இல்லை. கூரையில் இருந்த காற்று ஓட்டைக்கு நேர் கீழே ஒரு கதிரை மட்டும் போட்டிருந்தது. அருள்நாயகம் கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தார்.

"மற்றவன் எங்கை? ஆரோட கதைச்சனி?"

யூசுப் குரலைத் தாழ்த்தினான்.

"ஊரிலயும் எங்கட மேல்வீட்டுக்காரர் நிலத்தில காதை வச்சுக் கேப்பார், அங்கிள். ஒருநாள் அவருக்குச் சரியாக் கேக்கேல்லை. தானா எதையோ நினைச்சுப் பொலிசுக்குச் சொல்லிப்போட்டார். அண்ணாவைக் கொண்டு போனவங்கள். திரும்பி வரேல்லை."

அருள்நாயகம் கூரை ஓட்டையை அண்ணாந்து பார்த்தார்.

"இஞ்ச வந்த முதல் கிழமையே நீங்கள் மேல குனியிற சத்தம் கேட்டது. உங்களுக்கு அரபு விளங்காது. அதுதான் ஒவ்வொரு நாளும் இங்கிலீஷில சொல்லுறன்."

அவன் பணிவாகச் சிரித்தான்.

"இண்டைக்குத் தெளிவாக் கேட்டதோ, அங்கிள்?"