மாதுளைத் தட்டு

ஆய்வகத்துக்குத் தேடி வந்த மகளைப் பார்த்து, அப்பா தன் உதட்டில் விரல் வைத்தார்.

"மெதுவா வாம்மா, சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவை, கண்ணாடித் தட்டுகளில் வளரும் மனித ஸ்டெம் செல்கள். எந்த உணவின் சாறு அவற்றை நன்றாக வளர்க்கிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி.

"திராட்சை சாப்பிட்டவ பெருகிட்டா. கிரீன் டீ குடிச்சவளுக்குத் தட்டே பத்தல. மாதுளை குடிச்சவதான் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கா."

"செல்லுக்கெல்லாம் இந்த உபசாரம்! அம்மா இருந்தவரைக்கும், சாப்பிட்டியான்னு ஒரு வார்த்தை கேட்டிருப்பீங்களா?"

"ஏன், ஆஸ்பத்திரியில கிடந்தப்போ தினமும் மாதுளை ஜூஸ் கொண்டுபோனேனே! ஒரு சொட்டு மிச்சம் வைக்காம குடிச்சாளே!"

"அம்மாவுக்கு மாதுளைன்னாலே ஆகாதுப்பா. உங்க மனசு நோகக் கூடாதுன்னு குடிச்சாங்க."

அவர் மாதுளைத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்மா. போன வாரம் அவளே சொல்லிட்டா."

"யாரு?"

"ஆராய்ச்சிக்கு உபயோகப்படட்டும்னு உங்கம்மா எலும்பு மஜ்ஜை குடுத்துட்டுப் போனா. அதுலேருந்து வளர்ந்த செல்லுதான் இது எல்லாம்."

மகள் அந்தத் தட்டின் மேல் குனிந்தாள். அவர் தட்டை மெல்ல மூடினார்.

"நேத்து மறுபடியும் மாதுளை குடுத்துப் பார்த்தேன். இந்தத் தடவை எனக்காகக்கூடக் குடிக்க மாட்டேங்கிறா."