இரண்டு முழப் புதையல்

பட்டப்பகலில் கதவைத் தாழிட்டுக்கொண்டு நாச்சிமுத்து கன்னம் வைத்துக்கொண்டிருந்தார். மேலெல்லாம் புழுதி, கையில் கடப்பாரை. யாராவது எட்டிப் பார்த்தால் திருடன் என்றே நினைப்பார்கள். ஆனால் வீடு அவருடையது. இடிபடுவது அவர் வீட்டுச் சமையலறையின் கிழக்குச் சுவர்.

“மெதுவா இடிங்க. தோட்டத்து ஆளுக காதுல விழுந்துருமுங்க,” என்றாள் கதவோரம் காவல் நின்ற மனைவி மயிலம்மாள்.

பத்து வருஷமாக அவள் இந்தச் சுவரில் ஒரு சன்னல் கேட்டுக்கொண்டிருந்தாள். அடுப்புப் புகையில், வெங்காயம் உரிக்காத நாளிலும் அழுதுகொண்டுதான் சமைத்தாள். “மேட்டூர்ல காவேரிக்கே அணை கட்டறாங்களாம். உங்களுக்கு ஒரு சன்னல் வெக்க முடியலீங்களா?” என்பாள்.

“எங்கப்பன் கட்டுன செவுரு. ஓட்டை போட்டா மகாலச்சுமி வெளிய போயிருவா,” என்பார் அவர். அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

நேற்று விடியற்காலையில் வந்த குடுகுடுப்பைக்காரன்தான் அவர் மனசைக் கலைத்தான். “கெழக்குச் செவுத்துல பொருள் இருக்குது சாமி. இடுப்பு உசரத்துல, ஊட்டுக்காரி கையால அளந்து ரெண்டு முழம் அகலம், ரெண்டு முழம் உசரம். ஒரு வெரக்கடை தப்புனாலும் பொருள் பூமிக்குள்ள எறங்கிரும்.”

மகாலட்சுமி வெளியே போவதுதானே குற்றம்? உள்ளே வருகிறாள் என்றால் சுவர் என்ன, கூரையையே பிரிக்கலாம்.

மயிலம்மாள் கையை நீட்டி அளந்து கரிக்கோடு போட்டுக் கொடுத்தாள். நாச்சிமுத்து கோட்டைத் தாண்டாமல் பதவிசாகக் குடைந்தார். மனசுக்குள் அதற்குள் இரண்டு ஜோடி காளை வாங்கி, பங்காளி மருதாசலத்தின் வண்டியை முந்திக்கொண்டிருந்தார்.

பொழுது உச்சிக்கு வருமுன் சுவர் மறுபக்கம் வரை திறந்துகொண்டது. பொன் இல்லை, பானையும் இல்லை. அந்தப் பக்கம் ஒரு வெள்ளாடு அவரைப் பார்த்து அசை போட்டுக்கொண்டு நின்றது.

அவருக்கு அழுகையே வந்துவிட்டது. “ஊரே சிரிக்கும் புள்ளே. இந்த ஓட்டையை என்னன்னு சொல்றது?”

“சன்னலுன்னு சொல்லுங்க,” என்று கதவைத் திறந்துகொண்டு போனாள் மயிலம்மாள். மாட்டுக் கொட்டகையில் வைக்கோலுக்கு அடியிலிருந்து, கம்பி போட்ட வேப்பமரச் சட்டம் ஒன்றை இழுத்து வந்து ஓட்டையில் வைத்தாள். மயிரிழை இடைவெளி இல்லாமல் அது உட்கார்ந்தது.

நாச்சிமுத்து சட்டத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். “ஏம் புள்ளே, குடுகுடுப்பைக்காரன் சொன்ன அளவு இதுக்கு எப்படிச் சரியாப் பொருந்துச்சு?”

பத்து வருஷத்தில் முதல் தடவையாகக் கண் கலங்காமல் அவள் அடுப்பை ஊதினாள்.

“அவன் சொன்னதுங்களா? ஒரு வள்ளம் கம்பு குடுத்து, நாஞ் சொல்லி உட்டதுங்க.”